காலியான சேனல்கள் யாருக்குப் போயின?

ஹவாய் மாநிலத்தில் அனலாக் டிவி ஒளிபரப்பு 2009 ஜனவரி 15 அன்றே நின்றுவிட்டது. அமெரிக்காவின் மற்ற மாநிலங்களுக்குக் குறித்திருந்த நாள் பிப்ரவரி 17. ஒரு மாதம் முந்திக்கொண்டதற்குக் காரணம் ஒரு கடற்பறவை. மாவி தீவின் ஹலேயாகலா எரிமலைச் சரிவில் டிவி கோபுரங்கள் நின்றன. அழிவின் விளிம்பில் இருக்கும் ஹவாய் பெட்ரல் அந்தச் சரிவில்தான் வளை தோண்டி முட்டையிடும். அதன் கூடு கட்டும் பருவம் தொடங்குவதற்குள் பழைய கோபுரங்களை இறக்கிவிட வேண்டும் என்பதற்காக, ஒளிபரப்பாளர்கள் பேசி வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே நாளில் டிஜிட்டலுக்கு மாறினார்கள்.

ஒரு பறவைக்காக ஒரு மாநிலமே தேதியை மாற்றிக்கொண்டது என்று படித்தபோது எனக்கு அந்த மனிதர்கள்மேல் பெரிய மரியாதை வந்தது. இன்றும் இருக்கிறது. அதே டிஜிட்டல் மாற்றத்தில் வேறு யாருக்கெல்லாம் இப்படி ஒரு கவனிப்பு கிடைத்தது, யாரை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். நான் நியூ ஜெர்ஸியில் இருக்கிறேன். பிழைப்பு வேறு என்றாலும், எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா, நாடகம், பட்டிமன்றம் எதுவானாலும் சவுண்ட் பார்ப்பது என் வேலை. டிவி சேனல்களைக் காலிசெய்ததன் விளைவு நேராக என் மிக்ஸர் மேஜைக்கு வந்தது. அன்றிலிருந்து இந்த விவகாரத்தை விடாமல் படித்துவருகிறேன்.

முதலில் என்ன காலியானது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு டிவி சேனலின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ். அனலாக் காலத்தில் அதில் ஒரே ஒரு நிகழ்ச்சிதான் போகும். அதோடு பக்கத்துச் சேனலையும், அக்கம்பக்கத்து ஊர்களில் அதே சேனலையும் சும்மா விட்டுவைக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றின் படம் இன்னொன்றின் மேல் நிழலாடும். டிஜிட்டலில் அதே 6 மெகாஹெர்ட்ஸில் ஒரு எச்.டி. நிகழ்ச்சியும் கூடவே சில சாதாரண நிகழ்ச்சிகளும் போகும், சேனல்களை நெருக்கியும் அடுக்கலாம். அதனால் 2 முதல் 69 வரை பரந்து கிடந்த டிவியை 2 முதல் 51-க்குள் அடக்க முடிந்தது. மிச்சம் 18 சேனல், 108 மெகாஹெர்ட்ஸ். 698-லிருந்து 806 மெகாஹெர்ட்ஸ் வரை. 700 பேண்ட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

செல்போன் கம்பெனிகள் இதன்மேல் கண்வைத்ததில் ஆச்சரியமில்லை. குறைந்த அலைவரிசை அதிக தூரம் போகும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள் நுழையும். 1,900 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிராமப்புற மாவட்டத்தை மூடுவதற்கு ஆகும் டவர்களில் சிறு பங்கை வைத்தே 700-ல் அதே பரப்பை மூடிவிடலாம்.

இது காலியாக எடுத்துக்கொண்ட காலம்தான் அதிகம். 1996-ம் வருஷச் சட்டப்படி ஒவ்வொரு முழுத்திறன் டிவி நிலையத்துக்கும் டிஜிட்டலுக்காக இரண்டாவது சேனல் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். மாற்றம் முடிந்ததும் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். பொதுச்சொத்தை இப்படித் தூக்கிக் கொடுப்பதா என்று செனட்டர் பாப் டோல் எதிர்த்தார், எடுபடவில்லை. அடுத்த வருஷம் வந்த சட்டம் 2006 கடைசிக்குள் திருப்பித் தரச் சொன்னது. ஆனால் ஒரு ஊரில் 85 சதவீத வீடுகளில் டிஜிட்டல் டிவி பார்க்க வசதி வரும்வரை கெடுவை நீட்டிக்கலாம் என்று ஒரு விலக்கையும் சேர்த்தது. அந்த விலக்கு இருக்கும்வரை யாரும் எதையும் திருப்பித் தரப் போவதில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. கடைசியில் 2006 தொடக்கத்தில் கையெழுத்தான சட்டம்தான் விலக்கில்லாத ஒரு தேதியைக் குறித்தது: 2009 பிப்ரவரி 17.

பழைய டிவிக்கு கன்வெர்ட்டர் பாக்ஸ் வாங்க, வீட்டுக்கு இரண்டு என்று 40 டாலர் கூப்பன் தந்தது அரசு. பாக்ஸின் விலை 40-லிருந்து 70 டாலர் வரை. கூப்பன் 90 நாளில் காலாவதி. 2009 ஜனவரி முதல் வாரத்திலேயே கூப்பனுக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்து, லட்சக்கணக்கானவர்கள் காத்திருப்புப் பட்டியலில் நின்றார்கள். புதிதாகப் பதவியேற்ற ஒபாமா பிப்ரவரி 11 அன்று கையெழுத்திட்டு நாளை ஜூன் 12-க்குத் தள்ளிவைத்தார். ஏலத்தில் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த கம்பெனிகளுக்கும், இரண்டு ஒளிபரப்புக்கும் கரண்ட் செலவு செய்துகொண்டிருந்த சில நிலையங்களுக்கும் இது பிடிக்கவில்லை. அந்த நாலு மாதம் கொடுத்தது சரிதான் என்பது என் கருத்து. கேபிள் வாங்க வசதியில்லாமல் ஆன்டெனாவில் பார்த்தவர்களில் பலர் முதியவர்கள், ஏழைகள், ஆங்கிலம் சரளமாக வராதவர்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் பாக்ஸ் மாட்டிக் கொடுக்கப் போனேன். அனலாக்கில் ஆன்டெனாவைத் திருப்பத் திருப்பப் படம் தெளிவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நிறுத்தலாம். டிஜிட்டலில் அது நடக்காது. ஒரு விரற்கடை திருப்பி, கையை எடுத்துவிட்டு, பாக்ஸ் மறுபடி சிக்னலைப் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் கட்டம் கட்டமாக உறைந்துபோய்க் கறுப்பாகிவிடும். நடுவில் எதுவும் கிடையாது. புள்ளி புள்ளியாக இருந்தாலும் பேச்சாவது கேட்குமே என்று சமாளித்துவந்த சேனல்கள் அவருக்கு அடியோடு போய்விட்டன. ஜூன் 12-க்குப் பிறகு இன்னொரு சிக்கலும் வந்தது. சில நிலையங்கள் டிஜிட்டலை வி.எச்.எஃப். எனப்படும் தாழ்ந்த அலைவரிசையில் இருந்த தங்கள் பழைய சேனலுக்கே கொண்டுபோயின. ஃபிலடெல்பியாவின் 6-ம் சேனல் அவற்றில் ஒன்று. அந்த நீண்ட அலைகளை வீட்டுக்குள் வைக்கும் சின்ன ஆன்டெனாவால் பிடிக்க முடியாததால் புகார்கள் குவிந்தன, எஃப்.சி.சி., அதாவது மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம், திறனைக் கூட்டிக்கொள்ள அனுமதி கொடுத்த பிறகு நிலைமை கொஞ்சம் தேறியது.

இதெல்லாம் பார்வையாளர்கள் பட்ட பாடு. இந்த அலைக்கற்றை யார் பெயரைச் சொல்லிக் காலிசெய்யப்பட்டது என்பதற்கு இப்போது வருகிறேன்.

தீயணைப்பு வீரர்களின் பெயரைச் சொல்லித்தான். 1997-லேயே 63, 64, 68, 69 ஆகிய நாலு சேனல்களை, மொத்தம் 24 மெகாஹெர்ட்ஸை, போலீஸுக்கும் தீயணைப்புத் துறைக்கும் ஆம்புலன்ஸுக்கும் என்று ஒதுக்கியாயிற்று. ஆனால் அது காகிதத்தில். 2001 செப்டம்பர் 11 அன்று 63-லும் 68-லும் நியூ ஜெர்ஸியிலேயே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அன்று நியூயார்க் தீயணைப்புத் துறையில் 343 பேர் இறந்தார்கள். மேலே சுற்றிய போலீஸ் ஹெலிகாப்டர்கள் கோபுரத்தின் நிலையைக் கண்டு சொன்ன எச்சரிக்கை, வேறு அலைவரிசையில் இருந்த தீயணைப்புத் துறைக்கு எட்டவில்லை. வடக்குக் கோபுரத்திலிருந்து வெளியேறச் சொன்ன உத்தரவு உள்ளே இருந்த பலருக்குக் கேட்கவே இல்லை. நியாயமாகச் சொன்னால், அலைக்கற்றைப் பற்றாக்குறை மட்டுமே இதற்குக் காரணமல்ல. கட்டடத்துக்குள் சிக்னலைப் பெருக்கும் கருவி கைகொடுக்காதது, ஒரே சேனலில் எல்லோரும் பேசியது, இரு துறைகளும் ஒன்றோடொன்று பேசும் பழக்கமே இல்லாதது என்று பல. ஆனாலும் 2004-ல் அறிக்கை தந்த விசாரணைக் குழு, பொதுப் பாதுகாப்புக்கான அலைக்கற்றையைச் சீக்கிரம் விடுவிக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வழிசெய்ய வேண்டும் என்று தெளிவாகவே பரிந்துரைத்தது. டிஜிட்டல் மாற்றத்துக்குக் கறாரான தேதி குறித்தபோது காங்கிரஸில் பேசியவர்கள் மறுபடி மறுபடி சுட்டிக்காட்டியதும் இதைத்தான்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2008 ஜனவரி 24 அன்று 700 பேண்ட் ஏலம் தொடங்கி மார்ச் 18 வரை 261 சுற்று நடந்தது. அரசுக்குக் கிடைத்தது சுமார் 1,900 கோடி டாலர். செல்போன் கம்பெனிகளான வெரைஸானும் ஏ.டி. அண்ட் டி.யும் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. அதில் டி பிளாக் என்று 10 மெகாஹெர்ட்ஸ் துண்டு ஒன்றுக்குத் தனி நிபந்தனை இருந்தது. வாங்குகிற கம்பெனி தன் சொந்தச் செலவில் நாடு முழுக்க ஒரு நெட்வொர்க் கட்ட வேண்டும். அவசர காலத்தில் அதைத் தீயணைப்புத் துறைக்கும் போலீஸுக்கும் முன்னுரிமையோடு தர வேண்டும். அரசு ஒரு காசு போடாது, மாறாக அந்தத் துண்டுக்கு 133 கோடி டாலருக்குக் குறையாமல் கட்ட வேண்டும். செல்போன் சிப் கம்பெனியான குவால்காம் கேட்ட 47 கோடி சொச்சம்தான் வந்த ஒரே ஏலக் கேள்வி. குறைந்தபட்ச விலையை அது தொடவில்லை. டி பிளாக் விற்கவில்லை.

எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. செல்போனுக்குப் போன துண்டுகளில் கொட்டிய பணத்தில் ஒரு பகுதியை வைத்தே அந்த நெட்வொர்க்கை அன்றைக்கே தொடங்கியிருக்கலாம். அதைச் செய்யாமல், ஒரு பொதுத்தேவையைத் தனியார் கம்பெனி தன் லாபக் கணக்கில் சேர்த்துச் செய்துதரும் என்று நம்பினார்கள். நாலு வருஷம் கழித்து, 2012 பிப்ரவரியில் வந்த சட்டம்தான் டி பிளாக்கை ஏலத்திலிருந்து எடுத்துப் பொதுப் பாதுகாப்புக்கே கொடுத்தது, ஃபர்ஸ்ட்நெட் என்ற அமைப்பை உண்டாக்கியது, அதற்கு வருங்கால ஏலப் பணத்திலிருந்து 700 கோடி டாலரும் ஒதுக்கியது. அதைக் கட்டும் ஒப்பந்தம் ஏ.டி. அண்ட் டி.க்குப் போனது 2017 மார்ச்சில். இரட்டைக் கோபுரம் விழுந்து அதற்குள் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஏலத்தில் நன்றாக நடந்த ஒன்றும் உண்டு. சி பிளாக் என்ற 22 மெகாஹெர்ட்ஸ் துண்டை வாங்குபவர், வாடிக்கையாளர் எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும் எந்தச் செயலியைப் போட்டாலும் தடுக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. ஏலத்தொகை 460 கோடி டாலரைத் தொட்டால்தான் நிபந்தனை நிலைக்கும். அதைத் தொடவைக்கவே கூகுள் ஏலம் கேட்டது. கடைசியில் வெரைஸான் 474 கோடிக்கு எடுத்தது, நிபந்தனையும் நின்றது. 2012-ல், போன் இணைப்பை லேப்டாப்புக்குப் பகிரும் செயலிகளைக் கூகுளின் ஆப் கடையிலிருந்து மறைக்கச் செய்தது பற்றிய விசாரணையில் வெரைஸான் 12.5 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டதும் இந்த நிபந்தனையால்தான். விற்கும்போதே பொதுநலனை எழுத்தில் வைத்தால் அது பிற்பாடு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி மைக்.

கார்ட்லெஸ் மைக் என்பது ஒரு குட்டி ரேடியோ நிலையம். நடிகரின் இடுப்பில் இருக்கும் பாடி பேக் சிக்னலை அனுப்பும், மேடை ஓரத்தில் இருக்கும் ரிசீவர் வாங்கும். அது ஓடுவது டிவி சேனல்களுக்கு நடுவே சும்மா கிடக்கும் இடத்தில். ஒவ்வொரு அரங்கத்திலும் விழாவுக்கு முன்னால் ரிசீவரில் ஸ்கேன் போட்டு, அந்த ஊரில் எந்தெந்த டிவி சேனல் ஓடுகிறது என்று பார்த்து, இடைவெளியில் ஒவ்வொரு மைக்கையும் உட்காரவைக்க வேண்டும். பட்டிமன்ற நடுவர் மைக்கும் பாடகி மைக்கும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டும் சேர்ந்து மூன்றாவது ஓர் அலையைக் கிளப்பி, நாடகக்காரரின் காலர் மைக்கில் கரகரவென்று இறங்கும். இந்த வேலையில் எனக்குப் பெரிய பிரியம் உண்டு. எல்லாப் பச்சை விளக்கும் எரிந்து, அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும்போது கிடைக்கிற திருப்தியை நான் வேறு எதிலும் அடைந்ததில்லை.

அன்றைய சட்டப்படி இந்த மைக்குகளுக்கு உரிமம் வாங்கத் தகுதியிருந்தவர்கள் டிவி நிலையங்கள், சினிமாத் தயாரிப்பாளர்கள் போன்ற சிலரே. சர்ச், கோயில், பள்ளிக்கூடம், நாடகக் குழு, எங்களைப் போன்ற சங்கங்கள் எல்லாம் கடையில் வாங்கி உபயோகித்தார்கள், ஆண்டாண்டு காலமாக யாரும் கேட்கவில்லை. 2010 ஜனவரியில் எஃப்.சி.சி. உத்தரவு வந்தது: ஜூன் 12-க்குப் பிறகு 700 பேண்டில் ஒரு மைக்கும் ஓடக் கூடாது. அவகாசம் ஐந்து மாதத்துக்கும் குறைவு. ரிசீவரின் பின்புறச் சீட்டைப் பார்த்தால் எங்களிடம் இருந்தவற்றில் பாதிக்கு மேல் அந்தப் பேண்ட். சங்கப் பொருளாளர் என்னைக் கேட்டார்:

"அண்ணா, மைக்கெல்லாம் நல்லாத்தானே வேலை செய்யுது? ரிப்பேர் எதுவும் இல்லையே?"

"ரிப்பேர் இல்லப்பா. அது பேசுற இடத்தை வித்துட்டாங்க."

கம்பெனிகள் பழையதைக் கொடுத்தால் கொஞ்சம் தள்ளுபடி தந்தன. அரசு எதுவும் தரவில்லை. ஒரு கடையில் கேட்டு, இனிமேல் இதற்குப் பயமில்லை என்று அவர்கள் உறுதி சொன்ன 600 பேண்டில் புதுசாக வாங்கினோம். அமெரிக்கா முழுக்க எண்ணற்ற சர்ச்சுகளும் பள்ளிகளும் செய்தது இதையேதான். அடுத்த பத்து வருஷத்துக்குள் அந்த 600-ம் போய்விட்டது.

போன விதம் அழகானது. இதையும் சொல்லத்தான் வேண்டும். 2012 சட்டம் எஃப்.சி.சி.க்கு ஒரு புதிய அதிகாரம் கொடுத்தது: டிவி நிலையங்களிடமிருந்து அவர்கள் சம்மதத்தோடு அலைக்கற்றையை விலைக்கு வாங்கி, செல்போன் கம்பெனிகளுக்கு விற்கலாம். வாங்குவதற்கு ஓர் இறங்குமுக ஏலம், விற்பதற்கு ஓர் ஏறுமுக ஏலம், நடுவே ஏலத்துக்கு வராத நிலையங்களை மிச்சமிருக்கும் சேனல்களில் இடையூறு இல்லாமல் அடுக்கிப் பார்க்கும் கணக்கு. ஒவ்வொரு முறை விலை இறங்கும்போதும், விலகிக்கொள்ளும் நிலையத்துக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் சரிபார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான நிலையங்கள், லட்சக்கணக்கான தடைகள். இதை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய பால் மில்க்ரோம் 2020-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தகுதியான பரிசு.

2016 மார்ச் 29 அன்று தொடங்கினார்கள். 126 மெகாஹெர்ட்ஸ் காலிசெய்ய நிலையங்கள் கேட்ட விலை 8,640 கோடி டாலர். செல்போன் கம்பெனிகள் அதில் கால்வாசி அளவே தரத் தயாராக இருந்தன. இலக்கை 114, 108 என்று குறைத்து, நாலாவது கட்டத்தில் 84 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தபோது கேட்ட விலை சுமார் 1,005 கோடியாக இறங்கிக் கணக்கு சேர்ந்தது. மொத்த வசூல் 1,980 கோடி. டி-மொபைல் மட்டும் ஏறத்தாழ 800 கோடிக்கு வாங்கியது. 700 கோடிக்கு மேல் அரசின் கடனைக் குறைக்கப் போனது. டிவிக்கு மிஞ்சியது 36-ம் சேனல் வரை. 37 மட்டும் ரேடியோ வானியலுக்கும் ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கும் உரியது என்பதால் அதை யாரும் தொடவில்லை.

ஆயிரத்தை நெருங்கும் நிலையங்கள் பத்துக் கட்டமாக, 39 மாதத்துக்குள் சேனல் மாற வேண்டியிருந்தது. உயரமான கோபுரத்தில் ஏறி ஆன்டெனாவை மாற்றத் தெரிந்தவர்கள் நாட்டில் மிகக் குறைவு. 2018 ஏப்ரலில் மிசூரி மாநிலம் ஃபோர்ட்லேண்டில், சேனல் மாற்றத்துக்காக வலுப்படுத்திக்கொண்டிருந்த கிட்டத்தட்ட 1,900 அடிக் கோபுரம் சரிந்து ஒருவர் இறந்தார். ஏலக் கணக்குகளில் நான் தேடிய எந்த இடத்திலும் இந்த வேலைக்காரர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கெடுவை நிர்ணயித்தவர்கள் முதலில் எண்ணியிருக்க வேண்டியது மேலே ஏறும் அந்தக் கைகளைத்தான்.

செலவை ஈடுகட்ட 175 கோடி டாலர் ஒதுக்கியிருந்தார்கள். போதவில்லை. 2018-ல் காங்கிரஸ் இன்னொரு 100 கோடி சேர்த்தது, அதில் ஒரு பங்கு பாதுகாப்பு இல்லாமல் விடப்பட்டிருந்த குறைதிறன் டிவி நிலையங்களுக்கும் மலைக்கிராமங்களுக்குச் சிக்னல் கடத்தும் சிறு கருவிகளுக்கும் போனது. தாமதமானாலும் நல்ல காரியம். மைக் வைத்திருந்தவர்களுக்கு அப்போதும் ஒன்றுமில்லை. 2020 ஜூலை 13-லிருந்து, செல்போனுக்கு விற்ற அந்த 600 சர்வீஸ் பேண்டில் மைக் ஓட்டுவது சட்டவிரோதம். நாடகக் கொட்டகைகள் கொரோனாவால் பூட்டிக் கிடந்த நேரம். டிக்கெட் வருமானம் ஒரு பைசா இல்லாத குழுக்கள் இரண்டாம் தடவையாக மைக் வாங்கின.

இதற்கு வேறு வழியே இல்லை என்று சொல்பவர்களிடம் நான் பிரிட்டனைக் காட்டுவேன். அங்கே 69-ம் சேனலில் உரிமத்தோடு மைக் ஓட்டியவர்களை 38-க்கு மாற்றியபோது, பழைய கருவியை ஒப்படைத்தவர்களுக்கு மாற்றுக் கருவியின் விலையில் ஒரு பகுதியை அரசு கொடுத்தது. முழுத்தொகை இல்லை, சண்டை போட்டுத்தான் கிடைத்தது. ஆனாலும், இடத்தைக் காலிசெய்பவருக்கு ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை ஒப்புக்கொண்டார்கள்.

எங்கள் மாநிலத்தின் கதையும் உண்டு. நியூ ஜெர்ஸி அரசிடம் இருந்த பொது ஒளிபரப்பு நிலையங்களில் இரண்டின் அலைக்கற்றையை 2017-ல் இந்த ஏலத்தில் கொடுத்தார்கள். கிடைத்தது 33 கோடி டாலருக்கு மேல். டிஜிட்டலில் ஒரே சேனலை இரண்டு நிலையங்கள் பகிரலாம் என்பதால் ஒளிபரப்பு நின்றுவிடவில்லை. மக்களின் அலைக்கற்றையை விற்ற பணத்தில் 10 கோடியையாவது உள்ளூர்ச் செய்திக்குச் செலவிடுங்கள் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கேட்டார்கள் ஊடக ஆர்வலர்கள். 2018-ல் அதற்கென ஓர் அமைப்பை உருவாக்கும் சட்டத்தில் ஆளுநர் மர்ஃபி கையெழுத்திட்டார். பேசப்பட்ட தொகை 50 லட்சம். நியூயார்க்குக்கும் ஃபிலடெல்பியாவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, சொந்தமாக ஒரு பெரிய டிவிச் செய்தி இல்லாத மாநிலம் இது. அந்த 33 கோடியில் பெரும்பங்கு பொதுக் கஜானாவில் கரைந்தது எனக்கு இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

இந்தியாவில் இதே 700 பேண்ட் வேறு பாதையில் போனது. வானலை டிவி என்பது அங்கே தூர்தர்ஷன் மட்டும்தான், மற்றது கேபிளும் டிஷ்ஷும். ஆகவே காலிசெய்வது பெரிய போராட்டமாகவில்லை. விலைதான் சிக்கல். 2016-ல் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் என்று வைத்தார்கள், ஒரு கம்பெனியும் கேட்கவில்லை. 2021-ல் குறைத்தும் போகவில்லை. 2022-ல் 3,927 கோடியாக இறக்கிய பிறகு ஜியோ மட்டும் 10 மெகாஹெர்ட்ஸை 39,270 கோடிக்கு எடுத்தது. கிராமத்துக்குச் சிக்னல் கொண்டுபோகச் சிறந்த பேண்ட் அத்தனை வருஷம் சும்மா கிடந்தது பெரிய நஷ்டம். ஆனால் இடையில் ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள். 2021 ஜூனில் ரயில் பாதுகாப்புத் தொடர்புக்கென்று 5 மெகாஹெர்ட்ஸை ஏலத்துக்கு விடாமல் ரயில்வேக்கு நேராக ஒதுக்கினார்கள். பொதுப் பாதுகாப்புக்கு உரியதை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதை விற்பது என்ற அந்த வரிசை சரியானது. அமெரிக்கா 2008-ல் டி பிளாக்கில் செய்யத் தவறியதும் அதைத்தான்.

ஏன் இப்போது இதை எழுதுகிறேன் என்றால், அமெரிக்காவில் அடுத்த மாற்றம் வரிசையில் நிற்கிறது. ஏ.டி.எஸ்.சி. 3.0 என்ற புதிய டிஜிட்டல் முறைக்கு முழுக்க மாறப் பெரிய 55 நகரப்பகுதிகளுக்கு 2028 பிப்ரவரி என்று நாள் குறிக்கும்படி 2025-ல் ஒளிபரப்பாளர்கள் சங்கம் எஃப்.சி.சி.யிடம் கேட்டிருக்கிறது. நியூயார்க்கும் ஃபிலடெல்பியாவும் அந்தப் பட்டியலில் வருவதால் நியூ ஜெர்ஸி முழுக்க அதில் அடங்கும். இன்று வீட்டில் ஓடும் டிவிகளில் பெரும்பாலானவை அந்த முறையைப் புரிந்துகொள்ளாதவை. மறுபடி பாக்ஸ், மறுபடி கூப்பன் பேச்சு வரும். டிவி இன்னும் குறைந்த சேனல்களில் அடங்கக்கூடும் என்று தெரிந்த மறுநாளே, மிச்சத்தை என்ன செய்யலாம் என்ற கேள்வியும் வரும். நம் மைக்குகள் இப்போது ஒண்டியிருப்பது 470-க்கும் 608-க்கும் நடுவே, அந்தச் சேனல்களில்தான்.

எஃப்.சி.சி.யின் விசாரணைகளில் யார் வேண்டுமானாலும் கருத்து பதியலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. பெரிய கம்பெனிகளின் நூறு பக்க மனுக்களுக்கு நடுவே சர்ச் சவுண்ட்காரர்கள் எழுதிய ஒரு பக்கக் கடிதங்களை ஆணையம் தன் உத்தரவுகளில் எடுத்துக்காட்டியிருப்பதை நான் படித்திருக்கிறேன். சங்கம், கோயில், நடனப் பள்ளி, நாடகக் குழு நடத்துகிறவர்கள், உங்களிடம் உள்ள மைக்குகள் எத்தனை, ரிசீவரின் பின்னால் எழுதியிருக்கும் அலைவரிசை எது, எந்த வருஷம் என்ன விலைக்கு வாங்கினீர்கள், 2010-லும் 2020-லும் எத்தனையைத் தூக்கிப் போட்டீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். இழப்பீடு என்ற சொல்லைத் தயங்காமல் எழுதுங்கள். கடிதத்தில் நீங்கள் தரும் பெயரும் முகவரியும் பொதுவெளியில் தெரியும் என்பதால், வீட்டு முகவரிக்குப் பதில் சங்கத்தின் தபால் பெட்டி எண்ணைக் கொடுப்பது நல்லது. எங்கள் சங்கத்தின் கடிதத்தை நான் எழுதி முடித்துவிட்டேன், செயற்குழு பார்த்துக்கொண்டிருக்கிறது.